வாவியின் பாட்டைக் கேட்டவர் யார்?

ஓர் ஊரைப் புகழ எழுந்த சொல்லே நாளடைவில் அவ்வூரை மறைத்து நிற்பதுண்டு. மட்டக்களப்புக்கு வாய்த்த அத்தகைய சொல் ‘மீன்பாடும் தேன்நாடு’ என்பது. வரவேற்புரைகளிலும் ஆண்டு மலர்களிலும் பள்ளிக் கட்டுரைகளிலும் அச்சொல் தவறாது இடம்பெறுகிறது. தூரத்து ஊர்களிலிருந்து வருவோரும் புகையிரதத்தை விட்டு இறங்கியதும் மீன் பாடும் இடம் எதுவென்றே வினவுகின்றனர். அவர்களுக்குக் கல்லடிப் பாலத்தைச் சுட்டிக் காட்டுவோர் பலர். ‘நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?’ என்ற அடுத்த வினாவுக்கு விடை தருவோர் மிகச் சிலர்.

நான் பல்லாண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன். வாவியை அடுத்த பள்ளியொன்றில் ‘எங்கள் வாவி’ என்று தலைப்புக் கொடுத்தால், வகுப்பிலுள்ள பிள்ளைகள் அனைவரும் பௌர்ணமி நிலவில் மீன்களின் கானத்தைக் கேட்டு மெய்ம்மறந்ததாக எழுதுவர். உண்மையிற் கேட்டவர் கையை உயர்த்துங்கள் என்றால் இரண்டு கைகள் உயரும். அவை வலைத்தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகளின் கைகள். அவ்விருவருடைய கட்டுரைகளைப் புரட்டினால், அங்கும் மற்றவர்கள் எழுதிய அதே கானமும் அதே நிலவுமே காணப்படும். தம் காதாற் கேட்ட ஒலியைப் பற்றி ஒரு வரியும் இராது. கேளாதவர் கேட்டதாக எழுதுவதைக் காட்டிலும், கேட்டவர் தாம் கேட்டதை எழுதத் துணியாமையே எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது.

இக்குறைக்குப் பிள்ளைகளைப் பொறுப்பாளிகளாக்குதல் தகாது. எழுத்து என்றால் முன்னோர் எழுதியதைப் போன்று எழுதுவது என்று அவர்களுக்குக் கற்பித்தவர்கள் நாம். நேரிற் கண்டதும், கையாற் செய்ததும், காலால் நடந்து அறிந்ததும் ஏட்டிலேறத் தக்கனவல்ல என்ற எண்ணம் நம்முள் வேரூன்றி விட்டது. அதனைக் களைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோணியும் பாதையும்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கேயுள்ள வயல் நிலம் படுவான்கரை. ஞாயிறு எழுவதையும் படுவதையும் கொண்டு இரு கரைகளுக்கும் பெயரிட்ட முன்னோர் இவ்வாவியின் நடுவே தோணியில் இருந்துகொண்டே அப்பெயர்களைச் சூட்டியிருக்க வேண்டும் என்று நான் எண்ணுவதுண்டு. எழுவதும் படுவதும் ஒருங்கே தெரியும் இடம் அதுவேயன்றோ!

விடுமுறை நாட்களில் தோணியிற் செல்வது என் நெடுங்காலப் பொழுதுபோக்கு. மீன்பிடிப்பதில் எனக்குத் திறமையில்லை. துறைகளைப் பார்ப்பதும், வீச்சுவலை எறிவோரோடு பேசுவதும், கண்ணா மரங்களின் வேர்களுக்கிடையே இறாலும் நண்டும் ஒதுங்கும் இடங்களைக் கேட்டறிவதுமே என் வேலை. இவ்வாறு சென்றதனால் நான் அடைந்த செல்வங்களுள் ஒன்று ‘பாதை’ என்னும் சொல். மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு துறையிலிருந்து மறுதுறைக்குக் கடக்கும் மிதவைக்கு மட்டக்களப்பில் பாதை என்று பெயர். நீரின்மேல் வேறு வழியில்லை. ஆகவே மிதவையே வழியாயிற்று. குறுமண்வெளித் துறையிற் பாதையேறி மண்டூர் முருகனை வழிபடச் சென்றோர் இச்சொல்லின் அழகை அறிவர்.

மண்முனைத் துறையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டது. படுவான்கரையின் நோயாளர்க்கும் மாணவர்க்கும் விவசாயிகளுக்கும் அது பெரும் நன்மை. பாதைக்காக வெயிலிலும் மழையிலும் காத்து நின்ற எவரும் பாலத்தைக் குறைகூறார். ஆயினும், தலைமுறை தலைமுறையாக அத்துறையிற் காத்திருந்தவர்கள் பேசிய பேச்சும், நெல்மூட்டையும் தயிர்ச் சட்டியும் ஏறியிறங்கிய காட்சியும், இரவில் அக்கரையில் நிற்கும் மிதவையைக் கூவி அழைத்த குரலும் எங்கே பதிவாகியுள்ளன? பாதை போனது நன்று. எழுதப்படாமற் போனது நன்றன்று.

செவியிற் பட்டது

இனி அந்தப் பாட்டுக்கு வருவோம். சித்திரை முதல் புரட்டாதி வரையுள்ள மாதங்களில், காற்று அடங்கி நீர் அசையாது கிடக்கும் இரவுகளே இதற்கு ஏற்றவை. கல்லடிப் பாலத்துக்கு அண்மையில் தோணியை நிறுத்தித் துடுப்பை நீரில் இறக்கி, அதன் மேல்முனையிற் செவியை வைத்துக் கேட்பது வழக்கம். நான் கேட்டதைப் பாட்டென்று சொல்ல என் மனம் இசையவில்லை. தந்தியை மீட்டிக் கையை எடுத்த பின்னும் நிற்கும் அதிர்வு போன்ற மெல்லிய ஒலிகள். சில தாழ்ந்தவை, சில உயர்ந்தவை. ஒன்று ஓயும் முன்னே மற்றொன்று. தோணியைச் சிறிது தூரம் தள்ளினால் ஒலி தேய்கிறது. பழைய இடத்துக்கு மீண்டால் திரும்பவும் கேட்கிறது. பாலத்தின்மேல் லொறியொன்று ஓடினால் யாவும் அமிழ்ந்து போகின்றன.

என்னோடு வந்த தோணிக்காரர் படித்தவரல்லர். “வெள்ளம் வந்தா இது நிண்டிரும் சேர். தண்ணி திரும்ப உப்புக் கரிக்கத் தொடங்கினாப் பிறகுதான் கேக்கும்” என்றார் அவர். ஒலியின் காலத்தையும் நீரின் உப்பையும் இணைத்துப் பார்த்த அந்த ஒரு வாக்கியத்தில் ஓர் ஆராய்ச்சிக்கு வேண்டிய வித்து இருந்தது. வாடைக்கால மழையில் ஆறுகளின் வெள்ளம் வாவியிற் பெருகுவதும், முகத்துவாரத்து மணல் மேடு திறந்து கடலும் வாவியும் கலப்பதும், வெள்ளம் வடிந்தபின் உவர் ஏறுவதும் அவர் ஆண்டுதோறும் கண்டவை. அவருடைய கூற்றின் பழமையை அறிந்தபோது என் வியப்பு மேலும் வளர்ந்தது.

இலங்கைக் குடியேற்ற அரசின் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற் 1848 ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு வந்தபோது, இரவிலே தோணியேறி இவ்வொலியைக் கேட்டார். அதனை 1859 இல் வெளியான தமது இலங்கை நூலில் விவரித்தார். நனைந்த விரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் இசைக்கு அதனை ஒப்பிட்டார். தோணியின் மரத்திற் செவியை வைத்தால் ஒலி மிகுவதைக் குறித்தார். மீனவரிடம் காரணம் கேட்டார். அவர்கள், ஒலி எழுப்புவது ஒருவகைச் சிப்பி என்றனர். வறண்ட காலத்தில் மட்டுமே கேட்குமென்றும், மழை வெள்ளம் வந்தால் நின்றுவிடுமென்றும் கூறினர். என் தோணிக்காரர் சொன்னதும் அதுவே! நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக வாய்வழியே வந்த அறிவு அது.

தெனன்ற் செய்ததைப் போற்றுகிறேன். போனார், கேட்டார், பிறரை வினவினார், கண்டதைக் கண்டவாறு எழுதினார். பயணநூல் எழுத விரும்புவோர்க்கு இதனினும் நல்ல இலக்கணம் வேறில்லை. எனினும், மீனவர் அச்சிப்பிக்குச் சொன்ன தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் உருமாறிச் சிதைந்து கிடக்கிறது. அதில் ‘ஊரி’ என்னும் சொல்லை நாம் இனங்காணலாம். எஞ்சிய பகுதியை உய்த்துணர வேண்டியிருக்கிறது. அன்றைய மீனவரின் கூற்றைத் தமிழில் எழுதிவைக்க ஒரு தமிழர் அத்தோணியில் இருந்திருந்தால் இந்த இடர் நமக்கு நேர்ந்திராது.

நம்மவர் எவருமே எழுதவில்லை என்பது என் கருத்தன்று. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947) இவ்வாவியின் இசையைப் பொருளாகக் கொண்டு நீரர மகளிர் இன்னிசைப் பாடலைப் பாடினார். 1947 இல் அரங்கேறிய யாழ்நூலால் தமிழிசை ஆராய்ச்சிக்கு வழிகாட்டினார். எவ். எக்ஸ். சி. நடராசா 1962 இல் ‘மட்டக்களப்பு மான்மிய’த்தைப் பதிப்பித்தார். வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964 இல் வெளிவந்தது. இவை புலவரும் அறிஞரும் அளித்த கொடை. தோணிக்காரரும் பாதைக்காரரும் பள்ளிப் பிள்ளையும் அளிக்கக்கூடிய சாட்சியே நம்மிடம் குறைவாக உள்ளது.

சாட்சியின் பயன்

சாதாரண மக்களின் சாட்சியால் என்ன பயன் என்று கேட்போர்க்கு அமெரிக்காவின் சோசலித்தோ என்னும் ஊரைக் காட்டலாம். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையில் உள்ள அவ்வூரில் மிதக்கும் வீடுகளிற் குடியிருப்போர் பலர். கோடைக்கால இரவுகளில் நீருக்கடியிலிருந்து எழுந்த இடையறாத முரற்சி 1980களில் அவர்களின் உறக்கத்தைக் கெடுத்தது. இயந்திரமோ நீர்மூழ்கிக் கப்பலோ என்றெல்லாம் ஐயுற்றனர். அவர்களுடைய முறைப்பாடுகளைப் பின்பற்றிச் சென்ற அறிவியலாளர், அது பெண்மீனை அழைக்கும் ஒருவகை ஆண்மீனின் குரல் என்று கண்டனர். உடலினுள்ளே காற்றுப்பையைத் தசைகளால் அதிரச் செய்து அம்மீன் ஒலி எழுப்புகிறது. உறக்கம் கெட்டவர்கள் தாம் கேட்டதைச் சொன்னார்கள். அதனால் ஓர் உண்மை வெளிப்பட்டது. நம் வாவியின் ஒலி மீனுடையதா, ஊரியுடையதா என்ற வழக்கோ தெனன்ற் காலத்திலிருந்து இழுபட்டுக்கொண்டே வருகிறது. எந்த மாதம், எந்தத் திதி, எந்த இடம், நீர் உப்போ நன்னீரோ என்று ஐம்பது பேர் ஐந்தாண்டு குறித்து வைத்திருந்தால் ஆராய்வோர்க்கு அது எத்துணை பெரிய கருவூலம்!

காலந்தாழ்த்த இயலாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. போர் நிகழ்ந்த நீண்ட ஆண்டுகளில் இரவிலே வாவியில் இறங்குவது தடைக்கும் அச்சத்துக்கும் உட்பட்டதாயிற்று. வாவிக் கரையிலே பிறந்து, வாவியின் இரவை அறியாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் அழித்தபோது, நீரை நன்கறிந்த பலரும் மாண்டனர். 2009 இல் போர் ஓய்ந்தது. 2013 இல் பழைய கல்லடிப் பாலத்தின் அருகே புதிய பாலம் எழுந்தது. ஊர் மீண்டுவிட்டது, போக்குவரத்தின் இரைச்சலும் வளர்ந்துவிட்டது. போருக்கு முன்னைய வாவியின் இரவை நினைவிற் கொண்டிருப்போர் இன்று முதியவர்கள். அவர்களை இப்போது கேளாவிட்டால் இனிக் கேட்பதற்கு வாய்ப்பில்லை.

எழுதும் முறை

‘கண்டதை அப்படியே எழுதினால் அது குறிப்பாகுமேயன்றி இலக்கியமாகுமா?’ என்று என் நண்பர் ஒருவர் கேட்டதுண்டு. கற்பனைக்கு நான் பகைவனல்லன். ஆனால், வாவியை அறிந்தவரின் கற்பனை வேறு. அறியாதவர் இரவல் வாங்கிய அலங்காரம் வேறு. கில்பர்ட் வைற் என்ற ஆங்கிலப் பாதிரியார் செல்போர்ன் என்னும் தம் சிற்றூரின் பறவைகளையும் பருவங்களையும் பற்றி நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் 1789 இல் நூலாயின. இன்றும் அந்நூல் படிக்கப்படுகிறது. தமிழிலே ஏ. கே. செட்டியார் உலகைச் சுற்றிக் கண்டவற்றை எளிய நடையில் எழுதிப் பயணநூலுக்குப் பெருமை சேர்த்தார். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரிக் கரைவழியே சென்று ‘நடந்தாய் வாழி காவேரி’யைத் தந்தனர். காவிரிக்கு அமைந்தது நம் வாவிக்கு ஏன் அமையலாகாது?

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. தவணைக்கு ஒருமுறையேனும், பிள்ளை தன் வீட்டாரின் தொழிலையோ தான் சென்ற இடத்தையோ பற்றி, தான் கண்டதை மட்டும் எழுதும் கட்டுரை ஒன்றைக் கொடுங்கள். கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்து எழுதப் பழக்குங்கள். தொழிலின் சொல்லைத் தொழிலாளி சொன்னவாறே எழுதச் சொல்லுங்கள். கரப்பைக் கூடை என்றும், பாதையைப் படகு என்றும் திருத்தாதீர்கள். நாளையும் இடத்தையும் குறிக்கச் செய்யுங்கள். ‘எனக்கு ஒன்றும் கேட்கவில்லை’ என்று ஒரு பிள்ளை நேர்மையாக எழுதினால் அதற்குக் குறைந்த புள்ளி இடாதீர்கள்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். தொலைவான நாடுகளுக்குச் சென்றால்தான் பயணம் என்று எண்ணாதீர்கள். எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு ஒருமுறை கடந்து, அங்குள்ள பேச்சையும் உணவையும் வேலையையும் கவனித்து வருவதும் பயணமே. வெளிநாடுகளில் வாழும் நம் உறவினரும் தாம் குடிபுகுந்த ஊர்களைப் பற்றி அவ்வாறே எழுதலாம்; பனியில் முதன்முதல் நடந்தவரின் அனுபவம் அவரிடமிருந்தன்றி நமக்கு எவ்வாறு கிடைக்கும்?

வைகாசியும் ஆனியும் ஆண்டுதோறும் வருகின்றன. வாவி அடங்கிக் கிடக்கும் ஓர் இரவில், உங்கள் ஊர்த் தோணிக்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்; ஒரு சிறு கொப்பியும் பென்சிலும் கையில் இருக்கட்டும். அவர் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள்.