அடிக்கட்டையில் பெயர் இருந்தால் போதும்

போன வாரம் அடுத்த கிராமத்திலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ரசீதுப் புத்தகமும் ஒரு வண்ண நோட்டீஸும். அவர்கள் ஊரில் கத்தோலிக்கர்கள் எழுபது குடும்பம்தான். ஓடு போட்ட பழைய கோவில் மழைக்கு ஒழுகுகிறது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். நல்ல காரியம். காபி கொடுத்தேன், என்னால் முடிந்ததை எழுதினேன். அவர்கள் போன பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டீஸை முழுசாகப் படித்தேன்.

பீடத்துக்கு இவ்வளவு, வாசக்கதவுக்கு இவ்வளவு, சன்னல் ஒன்றுக்கு இவ்வளவு, கொடுப்பவர் பெயர் கல்லில் பொறிக்கப்படும் என்று போட்டிருந்தது. இது எங்கும் உள்ளதுதான். கடைசியில் சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தது. உள்ளூரில் தலைக்கட்டு வரி குடும்பத்துக்கு 15,000 ரூபாய். பாக்கி உள்ளவர்கள் அதைத் தீர்த்த பிறகே ஞானஸ்நானத்துக்கும் கல்யாண ஓலைக்கும் கடிதம் தரப்படும்.

அந்த இரண்டு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கிட்டத்தட்ட அதே வரிகளை ஒரு காலத்தில் என் கையாலேயே எழுதியவன் நான்.

1997-இல் எங்கள் ஊர்க் கோவிலைக் கட்ட ஆரம்பித்தோம். நான் கருவூலத்தில் குமாஸ்தா என்பதால் கணக்கு என் தலையில் விழுந்தது. படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். ரசீதுப் புத்தகத்தில் நம்மிடம் தங்கிவிடும் பாதியைப் பிரெஞ்சில் 'சூஷ்' என்பார்கள். வெட்டிய மரத்தின் அடிக்கட்டைக்கும் அதே சொல்தான். தமிழிலும் நாம் அடிக்கட்டை என்றே சொல்கிறோம் என்பது வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு பாஷையும் ஒரே மாதிரி நினைத்திருப்பதில் எனக்கு ஒரு பெருமை. அடிக்கட்டை சரியாக இருந்தால் உலகமே சரியாக இருக்கிறது என்று நினைத்த வயது அது.

64 குடும்பம். தலைக்கட்டுக்கு 2,000 ரூபாய், மாதம் 200 வீதம் பத்துத் தவணை என்று கமிட்டியில் தீர்மானித்தோம். ஆறாவது மாதம் பதினோரு குடும்பம் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தப் பதினோரு பெயரையும் மைக்கில் படித்தேன். சாமியார் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆபீசில் நிலுவைப் பட்டியலை ஒட்டுவதில்லையா என்று நான் வாதாடினேன்.

பட்டியலில் மீன் விற்கும் ஒரு அம்மா இருந்தார். மூன்று தவணை கட்டியிருந்தார். நாலாவது மாதம் புருஷன் இறந்துபோனார். எனக்கு அது தெரியும், அடக்கத்துக்கும் போயிருந்தேன். ஆனால் நோட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் 25,000 தருவதாக மேடையில் அறிவித்துவிட்டு 5,000-த்தோடு நின்றுவிட்டார். அவர் பெயரை நான் படிக்கவில்லை. அது 'நன்கொடை', வரி இல்லை என்பதால் பாக்கிப் பட்டியலில் வராது என்பது என் விளக்கம்.

அந்த அம்மா அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து மார்க்கெட்டில் பார்த்து ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

"கடன்காரியா சாமி முன்னாடி நிக்கக் கூச்சமா இருக்குதுங்க ஐயா" என்றார். அவர் கை மீனை நறுக்கிக்கொண்டே இருந்தது.

அன்று இரவே என் பணம் 1,400-ஐப் போட்டு, அவர் பெயரில் ரசீது எழுதி, மகன் கையில் கொடுத்தனுப்பினேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையிலேயே அந்த அம்மா ரசீதோடு வந்துவிட்டார்.

"நான் குடுக்காத காசுக்கு என் பேர்ல எதுக்குங்க ரசீது? நீங்க கட்டுனா உங்க பேர்ல போட்டுக்குங்க. நான் குடுத்த மூணு ரசீது பத்திரமா வச்சிருக்கேன். எனக்கு அது போதும்."

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க வேலை பார்த்தேன். என் கணக்கில் பொய் இருக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அந்த ரசீதின் குறுக்கே 'இரத்து' என்று எழுதினேன். கமிட்டியில் பேசி, வரியையே நிறுத்தி, மூடிய உண்டியல் வைத்தோம். வேலை முடிய இரண்டு வருஷம் கூடுதலாக ஆனது. தரை வெறும் சிமெண்டாகத்தான் இருந்தது. அந்த அம்மா அர்ச்சிப்பு நாளில் வந்து, பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

தலைக்கட்டு வரிக்காகப் பேசுபவர்களின் நியாயம் எனக்குத் தெரியும். வரி இல்லாவிட்டால் அதே பத்துப் பேர்தான் கொடுப்பார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், எல்லோரும் கொடுத்தால்தான் எல்லோருடைய கோவில் என்பார்கள். வாஸ்தவம். ஆனால் எல்லோரும் கொடுப்பதற்கு எல்லோரும் ஒரே தொகை கொடுக்க வேண்டியதில்லை. பாரீசில் மோன்மார்த்ர் குன்றின் மேலுள்ள திரு இருதயக் கோவிலுக்கு 1875-இல் முதற்கல் வைத்தார்கள், 1919-இல்தான் அர்ச்சித்தார்கள். வசதி உள்ளவர்கள் ஒரு முழுக் கல்லுக்குப் பணம் கொடுத்துப் பெயர் பொறித்துக்கொண்டார்கள். இல்லாதவர்களுக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்ட அட்டை கொடுத்தார்கள். சில்லறை சேரும்போது ஒரு கட்டம், பிறகு இன்னொன்று. அட்டை நிரம்பாதவனுக்கு யாரும் பாக்கிக் கடிதம் எழுதவில்லை.

திருச்சபைச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 848-ஆம் எண், வறுமையின் காரணமாக எவருக்கும் தேவதிரவிய அனுமானங்கள் கிடைக்காமல் போகக் கூடாது என்கிறது. அடக்கப் பூசைக்கும் அதே விதி உண்டு, 1181-ஆம் எண். ஓலை வாசிக்க 15,000 ரூபாய் கேட்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அதே தொகுப்பில் கமிட்டிக்காரர்கள் படிக்க வேண்டியதும் உண்டு. எதற்காகக் கொடுத்தார்களோ அதற்கே செலவிட வேண்டும் என்பது 1267. மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்பது 1287. பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. கொடுத்தவன் பெயர் பலகையில் இருக்கிறது, கணக்கு பீரோவில் இருக்கிறது. நான் சொல்வது இதுதான். வரவு எவ்வளவு, சிமெண்டுக்கு எவ்வளவு, கொத்தனார் கூலி எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று மாதா மாதம் கோவில் வாசலில் ஒட்டுங்கள். பெயர்களை அடிக்கட்டையில் வையுங்கள்.

நம் புதுவைக்காரர்களுக்கு இன்னொன்று. பிரான்சில் இருக்கும் மகனும் மருமகனும் லீவில் வரும்போது கையில் கொடுத்துவிட்டுப் போவது நம் வழக்கம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் கொடுத்தால், ரூபாயாகவே கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு அனுமதி பெற்ற அமைப்புதான் வாங்கலாம். 2020-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் அது வந்து சேர வேண்டும். "உள்ளூர் அண்ணன் பெயரில் ரசீது போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அந்த மீன்காரம்மா சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று அந்த மூவரில் ஒருவருக்குப் போன் செய்து, கடைசி இரண்டு வரியை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். "எடுத்தால்தான் பணம் தருவீர்களா ஐயா?" என்று கேட்டார். இல்லை, எழுதிய தொகையை எப்படியும் தருவேன் என்றேன். கோவிலுக்குக் கொடுப்பதில் நிபந்தனை போட எனக்கும் உரிமை இல்லை. கமிட்டியில் பேசிவிட்டு அடுத்த ஞாயிறு பதில் சொல்வதாகச் சொன்னார். காத்திருக்கிறேன்.