குயவன் வீட்டுக்கு இறங்கிப்போவோம்



எரேமியா 18-ஆம் அதிகாரத்தைப் பலமுறை தியானித்திருக்கிறோம். கெட்டுப்போன களிமண்ணைக் குயவன் திரும்ப வனைகிறான். அதில் நம்மை மண்ணாகவும் ஆண்டவரைக் குயவராகவும் காண்கிறோம். ஆனால் குயவன் வீட்டுக்கு இறங்கிப்போகும்படி தீர்க்கதரிசிக்கு முதலில் உண்டான கட்டளையை மறந்துவிடுகிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மாஞ்சோலை மலையில் பெய்த பெருமழை மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் கலந்தது. கரையோர ஊர்கள் பல மூழ்கின. காருகுறிச்சி முதலான ஊர்களில் பொங்கல் பானை வனையும் காலம் அது. சுட்ட பானை மழையைத் தாங்கும். சுடாத பானையோ கரைந்து மீண்டும் மண்ணாகும். நனைந்த விறகால் சூளை மூட்டவும் முடியாது.

இரண்டே வாரங்களில், 2024 ஜனவரி 1 அன்று, ஜப்பானின் நோட்டோ தீபகற்பம் அதிர்ந்தது. முந்தைய மே மாத நிலநடுக்கத்தில் இடிந்து, அரும்பாடுபட்டுத் திரும்பக் கட்டிய சுசு நகரத்துச் சூளைகளும் மறுபடி சரிந்தன. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்த அவ்வூர் மண்பாண்டக் கலை, ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்குப் பின்னரே உயிர்பெற்றிருந்தது.

கெட்ட மண்ணைத் திரும்ப வனையக் குயவன் உண்டு. குயவனே தொழிலை விட்டுப்போனால் வனைவது யார்? வெள்ளத்தில் நாம் கொடுத்த அரிசியும் போர்வையும் நல்லவையே. ஆயினும் அவை பசியையும் குளிரையும் ஆற்றுமேயன்றிச் சக்கரத்தைச் சுழற்றா. அதற்கு உலர்ந்த மண்ணும், விறகும், கூரையும், வாங்கும் கைகளும் வேண்டும்.

ஆகவே, வருகிற அறுப்பின் பண்டிகைக்கு வேண்டிய பானைகளுக்கு இப்பொழுதே முன்பணம் கொடுப்போம். பேரம் பேசாதிருப்போம். அது தர்மமல்ல, உழைப்புக்குரிய விலை.

அவர்கள் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.