பையன் கையிலே படக்கதைப் புத்தகமா?

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம். கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு என் சின்னப் பையன் ரொம்ப மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தான். 'பரவாயில்லையே!' என்று பூரித்துப்போய், பால் டம்ளருடன் கிட்டே போய்ப் பார்த்தால், கணக்குப் புத்தகத்துக்குள்ளே ஒரு ஃபுட்பால் படக்கதை! வந்த கோபத்தில் அதைப் பிடுங்கிப் பரண் மேலே போட்டுவிட்டேன். பிள்ளை அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மறுநாள் என் தம்பி வந்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன். "அக்கா, இந்த மாதிரி ஒரு படக்கதை ஜப்பான்லே எத்தனை பிள்ளைங்களை மைதானத்துக்கு இழுத்துச்சு தெரியுமா?" என்றான். "போடா, கதை அளக்காதே!" என்றேன். ஆனால் அவன் சொல்லச் சொல்ல, அடுப்பில் குழம்பு கொதிப்பதைக்கூட மறந்துபோனேன்!

ஜப்பானில் அந்தக் காலத்தில் பேஸ்பால்தான் ராஜா. 1968 ஒலிம்பிக்ஸில் கால்பந்தில் வெண்கலப் பதக்கம் வாங்கியும், அந்த ஆட்டம் பெரிதாக வேரூன்றவில்லை. உலகக் கோப்பைப் போட்டிக்கு அவர்கள் ஒருமுறைகூடத் தகுதி பெற்றதில்லை. 1978-ல் அர்ஜென்டினாவில் நடந்த உலகக் கோப்பையை டி.வி.யில் பார்த்துச் சொக்கிப் போனான் ஒரு ஹைஸ்கூல் மாணவன். பெயர் யோயிச்சி தகஹாஷி. படம் வரைவதில் கெட்டிக்காரன்.

1981-ல், 'ஷோனென் ஜம்ப்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில், 'கேப்டன் சுபாசா' என்ற தொடரை அவர் வரைய ஆரம்பித்தார். சுபாசா என்றால் சிறகு என்று அர்த்தமாம். எந்நேரமும் பந்தும் கையுமாகத் திரியும் சின்னப் பையன் அவன். பிரேசிலுக்குப் போய் விளையாட வேண்டும், ஜப்பானுக்கு உலகக் கோப்பை வாங்கித் தர வேண்டும் என்பதே அவன் ஆசை. அன்றைக்கு அதைக் கேட்ட பெரியவர்கள் சிரித்திருப்பார்கள். பிள்ளைகள் சிரிக்கவில்லை. பந்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்கள். 1983-ல் கதை டி.வி.க்கும் வந்தது. கடல் தாண்டி இத்தாலி, ஸ்பெயின், அரபு நாடுகளுக்கெல்லாம் போனது. 2008-ல் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினுக்கு வெற்றி கோல் அடித்த ஃபெர்னாண்டோ டோரஸ், சின்ன வயதில் இந்தத் தொடரைப் பார்த்துத்தான் தனக்கு ஃபுட்பால் ஆசை வந்தது என்று சொல்லியிருக்கிறார்.

ஆனால் சகோதரிகளே, புத்தகம் மட்டும் ஒரு தேசத்தை ஆட வைத்துவிடாது. விதை போட்டால் போதுமா, தண்ணீர் ஊற்ற வேண்டாமா? பெரியவர்களும் தங்கள் பங்கைச் செய்தார்கள். 1993-ல் பத்து அணிகளோடு தொழில்முறைப் போட்டித் தொடரை ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு அணியும் தன் ஊரோடு ஒட்டி, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று வகுத்தார்கள். அதே வருஷம் தோஹாவில், கடைசி நிமிஷத்தில் ஈராக் போட்ட ஒரு கோலால் உலகக் கோப்பை வாய்ப்புக் கை நழுவியது. அழுதார்கள், ஆனால் விட்டுவிடவில்லை. 1998-ல் முதன்முதலாக உலகக் கோப்பைக்குப் போனார்கள். அதற்கப்புறம் 2022 வரை ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அந்த 2022-ல் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் தலா 2-1 என்று ஜெயித்தார்கள்.

நாம் பெருமைப்பட இன்னொன்றும் இருக்கிறது. சுபாசா கண்ட உலகக் கோப்பைக் கனவை ஜப்பானில் முதலில் நனவாக்கியவர்கள் யார் தெரியுமா? பெண்கள்தான்! 2011-ல், சுனாமியில் தேசமே துவண்டு கிடந்த வருஷத்தில், அமெரிக்காவை வென்று மகளிர் உலகக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். ஆண்கள் அணிக்கு அந்தக் கோப்பை இன்னும் கனவுதான்.

தகஹாஷி பிறந்த டோக்கியோவின் கட்சுஷிகா பகுதியில் சுபாசாவுக்குச் சிலை வைத்திருக்கிறார்களாம். படக்கதைப் பையனுக்குச் சிலை!

தம்பி போனதும், ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். தூசி தட்டிப் பையன் கையில் கொடுத்தேன். "கணக்கை முடிச்சிட்டு அரை மணி நேரம் படி. சாயங்காலம் மைதானத்துக்கும் போ. ஆனா கணக்குப் புத்தகத்துக்குள்ளே ஒளிச்சு வைக்காதேடா கண்ணா" என்றேன். அவன் முகத்தைப் பார்க்கணுமே!

அவன் பெரிய ஆட்டக்காரனாக வருவானோ, மாட்டானோ, அது எனக்குத் தெரியாது. ஆனால் பிள்ளையின் ஆசையைப் பரண் மேலே தூக்கிப் போடுகிற வேலையை இனி நான் செய்ய மாட்டேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது கிடக்கிறதா? ஒருமுறை ஏறிப் பாருங்களேன்!