வழிகாட்டும் எழுத்தே விடுதலையின் மறுபாதி

ஒரு பொருள் எல்லார்க்கும் உரியது என்று சாற்றுதல் எளிது. அதனை எல்லாரும் பயன்கொள்ளுமாறு செய்தல் அரிது. ஊர்நடுவே கிணறு வெட்டியவன் கயிறும் வாளியும் வையாது போவானாயின், நீர்வேட்கையால் வருந்துவோர்க்கு அக்கிணறு இருந்தும் இல்லாததே யாகும். கட்டற்ற மென்பொருள் என்றும் திறந்த மூல மென்பொருள் என்றும் இந்நாளில் வழங்கப்பெறும் செல்வத்தின் நிலையும் நம் தமிழ் மக்களுட் பெரும்பாலார்க்கு இத்தகையதே. கிணறு உண்டு, நீரும் இனியதே, கயிறு போதவில்லை. கயிறென்று நாம் கூறுவது, இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர்க்கு உற்ற செய்தியை உரிய காலத்தே உரைப்பதும், செய்முறையைத் தெளிவுறக் கற்பிப்பதுமாகிய எழுத்தையே. அவ்வெழுத்தை மென்பொருளின் பின்னொட்டாகக் கருதாது அதன் மறுபாதியாகவே கருதல் வேண்டும் என்பதும், அதனைத் தமிழில் ஆக்குங் கடன் தமிழ் பயில்வோரைச் சிறப்பாகச் சாரும் என்பதும் நம் கொள்கை.

கணிப்பொறியின் உறுப்புக்களை ஆண்டு, ஏனை மென்பொருள்கள் இயங்குதற்கு இடந்தருவது இயங்குதளம். விலைக்கு விற்கப்படும் இயங்குதளங்களிற் பலவற்றின் மூலநிரலைப் பயன்படுத்துவோன் காணவும் இயலாது, திருத்தவும் இயலாது. இந்நிலையை மாற்றக் கருதிய ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார், 1983-ஆம் ஆண்டில் குனு என்னுந் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21-ஆம் அகவையில், லினக்ஸ் என்னும் உட்கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்தமையால் 1993-இல் டெபியன், 2004-இல் உபுண்டு, 2006-இல் லினக்ஸ் மின்ட் எனப் பல வழங்கல்கள் தோன்றின. எக்கருமத்திற்கும் பயன்படுத்தல், உள்ளமைப்பை ஆராய்ந்து மாற்றுதல், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கல், மாற்றியதையும் வழங்கல் என்னும் நான்கு உரிமைகளும் இவற்றைப் பெறுவோர் எல்லார்க்கும் உள. ஆயினும் உரிமை பத்திரத்தில் இருப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு.

இதனை முன்னோடிகள் நன்குணர்ந்திருந்தனர். லினக்ஸுக்கு முன்மாதிரியாய் அமைந்த யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்திற்கு, பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1971-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிலேயே ஒரு கையேடு எழுதினர். கட்டளைகளின் பயனை விளக்கியதோடு அமையாது, அவற்றின் குறைகளை யுரைத்தற்கும் அக்கையேட்டில் ஒரு பகுதி வகுத்தனர். தாம் ஆக்கிய பொருளின் குறையைத் தாமே எடுத்துரைத்த அந்நேர்மை போற்றத் தக்கது. லினக்ஸ் தோன்றிய மறுவருடமே, 1992-இல், அதன் ஆவணங்களைத் தொகுத்தற்கென்று தன்னார்வலர் கூடி ஒரு திட்டம் தொடங்கினர். ‘எவ்வாறு செய்வது’ என்னும் பொருள்படத் தலைப்பிட்ட செய்முறைக் குறிப்புக்கள் பல அத்திட்டத்தின்வழி உலகெங்கும் பரவின. கட்டற்ற இயங்குதளங்கட்குள்ள பெருங்குறை நிரலில் இல்லை, நல்ல கட்டற்ற கையேடுகள் இன்மையே என்று ஸ்டால்மனே எழுதியுள்ளார்.

இக்குறையால் இன்று விளையும் இழப்பு சிறிதன்று. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்துவந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் புதிய தலைமுறைச் செயலிகளையும் வேண்டுவதாதலின், நன்கு உழைக்கும் பழைய பொறிகள் பல அதனை ஏற்கும் தகுதியற்றனவாயின. அத்தகைய பொறியொன்றை உடைய எளிய குடும்பத்து மாணவன் என் செய்வான்? புதியது வாங்கப் பொருளில்லை. பழையதைப் பாதுகாப்பின்றி இயக்குதலோ இடர். அப்பொறி மேலும் பல்லாண்டு பணியாற்ற வல்லது; அதற்குரிய இயங்குதளமும் விலையின்றிக் கிடைக்கின்றது. ஆயினும் அவனறிந்த மொழியில் வழிகூறுவார் அருகியிருத்தலின், பொறி குப்பைக்குப் போகின்றது. இங்கே தடையாய் நின்றது பணமன்று. ஒரு நல்ல கட்டுரையின் இன்மையே.

கந்தாகே அரசியின் அமைச்சன் தேரிலமர்ந்து ஏசாயாவின் சுருளை வாசித்த வரலாற்றை நம்மிற் பலர் அறிவர். அவன் கல்வியுடையான், செல்வமுடையான், சுருளும் அவன் கையிலேயே இருந்தது. எனினும் உடனேறியமர்ந்து பொருளுரைக்கப் பிலிப்பு வேண்டியிருந்தது. பிலிப்பு அவனுக்கு வேறொரு சுருள் கொடுத்திலன். கையிலிருந்ததையே திறந்து காட்டினான். வழிகாட்டும் எழுத்தாளன் செய்யும் பணியும் அதுவே.

இவ்வெழுத்து செய்தி என்றும் செய்முறை என்றும் இருவகைப்படும். முதற்கண் செய்தியை நோக்குவோம். 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29-ஆம் நாள், ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். தொலைவிலுள்ள பொறியினுட் புகுவதற்கு வழக்கத்தினும் ஏறத்தாழ அரை நொடி மிகுதியாதலைக் கண்டு, காரணம் தேடிச் சென்ற அவர், எக்ஸ்-இசட் என்னுஞ் சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புக்களில் எவரோ கள்ளவாயில் ஒன்றை மறைத்து வைத்திருத்தலைக் கண்டறிந்தார். மூலநிரல் திறந்திருந்தமையாலன்றோ அவர் அதனைத் தேடிக் காணமுடிந்தது! ஆயின், அச்செய்தியைப் பயனர்க்கு எங்ஙனம் உரைப்பது? ‘லினக்ஸ் கெட்டது’ என்று கூவுதல் அச்சத்தையே விளைக்கும். டெபியனின் நிலையான பதிப்பை வைத்திருந்தோர்க்கு அதனால் ஊறில்லை. சோதனைப் பதிப்புக்களை வைத்திருந்தோரே உடனே திருத்தம் பெறவேண்டியவராயினர். யாருக்கு, எப்பதிப்புக்கு, யாது செய்யவேண்டும் என்னும் மூன்றையும் கூறாத செய்தி, செய்தியன்று, வதந்தியே.

மற்றொன்றுங் காண்க. செர்வர் எனப்படும் வழங்கிப் பொறிகளிற் பலரும் பயன்படுத்திய சென்ட்-ஓஎஸ் லினக்ஸ் 8 என்பதற்கு 2029 வரை ஆதரவு உண்டென்று எண்ணியிருந்தனர். 2020-ஆம் ஆண்டு டிசம்பரில், அவ்வாதரவு 2021-ஆம் ஆண்டின் இறுதியோடு முடியுமென்று அறிவிப்பு வந்தது. அதனைக் காலத்தே கேட்டோர் மாற்று வழி தேடினர். கேளாதோர் திருத்தம் பெறாத பொறிகளோடு நின்றனர். விலையின்றிப் பெற்ற பொருளுக்கும் விழிப்பு என்னும் விலையுண்டு என்பதற்கு இது சான்று.

இனிச் செய்முறை. கட்டளை ஒன்றைக் கண்ட இடத்தே படியெடுத்து முனையத்தில் இடும் வழக்கம் நம் இளைஞரிடை மிகுதி. சூடோ என்று தொடங்குங் கட்டளை பொறியின் நிர்வாகிக்குரிய முழு அதிகாரத்தோடு இயங்குவது. ஒரு சொல் பிறழினும் ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த கோப்புக்கள் நொடியில் அழியக்கூடும். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்தினுட் புகுந்த கள்வர், மெய்யான கோப்புக்கு ஈடாக நஞ்சு கலந்த கோப்பைச் சுட்டி வைத்தனர். ஆதலின், இறக்கிய கோப்பின் ஷா-256 என்னுஞ் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடுக என்று நல்ல வழிகாட்டி கூறும். அத்தொகையையும் கள்வர் மாற்றக்கூடுமாதலின், அதன்மேலுள்ள மின்கையொப்பத்தையும் சோதிக்க என்று மேலுங் கூறும்.

பழைய பொறிக்குப் புதிய இயங்குதளம் நிறுவ விழைவார்க்கு நாம் ஒழுங்குபடக் கூறுவது இது. முதலாவது, வேண்டிய கோப்புக்களையெல்லாம் வேறொரு வட்டிற் படியெடுத்து, அப்படி திறக்கின்றதா என்றுஞ் சோதிக்க. இரண்டாவது, புதுமையை நாடாது நெடுநாள் ஆதரவுள்ள பதிப்பைத் தேர்க. உபுண்டுவில் அத்தகைய பதிப்புக்கு 5 ஆண்டும், இடைப்பதிப்புக்கு 9 மாதமுமே பொதுவான ஆதரவு. மூன்றாவது, மேற்கூறிய சோதனையை முடித்து, கோப்பைப் பென்டிரைவில் ஏற்றுக. அப்பென்டிரைவில் முன்னுள்ளவை அழியும் என்பதை மறவற்க. நான்காவது, வன்தட்டைத் தொடாது பென்டிரைவினின்றே இயக்கி, வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு ஆகியன செவ்வனே நடக்கின்றனவா என்று பார்க்க. எல்லாம் இசைந்தபின்னரே நிறுவுக. நிறுவும்போது, வன்தட்டு முழுவதையும் அழிக்கவா என்று பொறி வினவும் இடத்தில் கையை நிறுத்தி இருமுறை வாசிக்க.

இவ்வாறு எழுதப்படும் எழுத்துக்குச் சில இலக்கணங்கள் இன்றியமையாதன. எப்பதிப்புக்கு எழுதியது, எந்நாளில் எழுதியது என்னுங் குறிப்பு தலையிலேயே இருத்தல் வேண்டும். எழுதியவன் தானே செய்துபார்த்ததாதல் வேண்டும். அபாயத்தைக் கட்டளைக்குப் பின்னர்க் கூறாது முன்னரே கூறல் வேண்டும். கட்டளையின் ஒவ்வோர் உறுப்பும் யாது செய்யும் என்பதை விளக்கல் வேண்டும். காரணமறியாது செய்வோன் அடுத்த இடரில் மீண்டுங் கையேந்தி நிற்பான். மீளும் வழியையும் காட்டல் வேண்டும்.

கணிப்பொறி பயில்வோர் எல்லாரும் ஆங்கிலம் அறிவரே, தமிழில் எழுதுவது எற்றுக்கு என்பார் உளர். ஆங்கிலத்திற் பெயரும் பொத்தானும் வாசிக்கத் தெரிதல் வேறு. பிழை நேர்ந்த கலக்கத்தில் ஒரு நீண்ட எச்சரிக்கையின் நுண்பொருளை உணர்தல் வேறு. வினவினால் உடனே விடைதருஞ் செயற்கை நுண்ணறிவு இருக்கக் கட்டுரை எதற்கு என்பார் மற்றுஞ் சிலர். அப்பொறி கற்றது மக்கள் எழுதிவைத்தவற்றினின்றே யன்றோ? தமிழில் எழுதப்பட்டது சிறிதாயின் அது தமிழில் தரும் விடையும் மெலிந்தே இருக்கும். அன்றியும், இல்லாத கட்டளையை உள்ளதுபோல் உறுதியாக உரைத்தலும் அதற்கு இயல்பு. அவ்விடையைச் சோதித்தற்கேனும் ஆய்ந்தெழுதிய எழுத்து வேண்டும்.

தொழில்நுட்பம் தமிழுக்கு அமையாது என்பார்க்கு, மிஷன் கல்லூரியினர் மறக்கலாகாத விடையொன்று உண்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தம் மாணவர் துணையோடு உடற்கூறு, இரண வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழாக்கினார். உடலை அறுத்துத் தைக்கும் வித்தையைக் கூறவல்ல மொழி, வன்தட்டைப் பகுத்து இயங்குதளம் நிறுவும் முறையைக் கூறமாட்டாதோ? நம் நாளிலும் 2012-ஆம் ஆண்டு முதல் கணியம் என்னும் மின்னிதழ், தன்னார்வலர் முயற்சியால், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிற் கட்டுரைகள் வெளியிட்டுள்ளது. தொடங்கியோர் சிலரே, தோள்கொடுப்போர் பலராதல் வேண்டும்.

நிரலெழுத அறியாதார் இப்பணிக்கு ஆகார் என்று எண்ணற்க. தெளிவாக எழுதுதல், சொல்லைத் தேர்தல், ஐயத்திற்கிடமின்றி வாக்கியம் அமைத்தல் ஆகியன தமிழ் பயில்வோர்க்குரிய கலைகளே. கணிப்பொறித் துறை மாணவர் ஒருவரும் தமிழ்த்துறை மாணவர் ஒருவரும் ஒரு பொறியின்முன் ஒருங்கமர்ந்து, ஒருவர் செய்ய மற்றவர் எழுதி, அவ்வெழுத்தை ஒன்றுமறியாத மூன்றாமவர் கையிற் கொடுத்து, அவர் பிறர் துணையின்றிச் செய்து முடிக்கின்றாரா என்று காண்பாராயின், அதனினும் நல்ல தேர்வு வேறில்லை. திங்களுக்கு ஒரு செய்முறை இவ்வாறு வெளிவரினும், ஓராண்டிற் பன்னிரண்டு வழிகள் திறக்கும். கட்டின்றி நாம் பெற்ற செல்வத்தைப் பிறர் கைக்கும் எட்டச் செய்யும் இப்பணியில் நம் மாணவரும், ஆசிரியரும், பழைய மாணவரும் ஒருங்கே முன்வருவாராக.