உரிமக் கட்டணமும் இரட்டைக் குவளையும்: கிடப்பில் கிடக்கும் 8ஆம் பிரிவு

2025 ஜூலையில், கிராம ஊராட்சிப் பகுதிகளில் இயங்கும் கடைகளும் தொழில்களும் உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கும் விதிகளைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியது, சில வாரங்களிலேயே அவை நிறுத்திவைக்கப்பட்டன. அந்நாட்களில் பேசப்பட்டது பெரும்பாலும் கட்டணத்தின் அளவுதான். கட்டணம் செலுத்தி அரசின் அனுமதியைப் பெறும் தேநீர்க்கடைக்காரர் எந்த நிபந்தனைக்குக் கட்டுப்படுகிறார் என்ற கேள்வி அந்த இரைச்சலில் காணாமற்போயிற்று.

உரிமக் கட்டணம் என்பது வரி அன்று. செகந்திராபாத், ஐதராபாத் உணவக உரிமையாளர் சங்கத்தின் வழக்கில் 1999ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. ஒழுங்குபடுத்துவதற்காக விதிக்கப்படும் கட்டணத்துக்கு ஈடாக அரசு நேரடிச் சேவை எதையும் வழங்க வேண்டியதில்லை. கட்டணம் மிதமிஞ்சியதாக இருக்கக் கூடாது, அவ்வளவே. அப்படியானால் அக்கட்டணத்தின் ஒரே நியாயம் ஒழுங்குபடுத்துதல்தான். உணவகத்திலும் விடுதியிலும் அதிகாரிகள் கழிவுநீர் வடிகாலைப் பார்க்கிறார்கள், தீயணைப்புக் கருவியைப் பார்க்கிறார்கள், சமையலறையைப் பார்க்கிறார்கள். கடைகளிலும் உணவகங்களிலும் விடுதிகளிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்று அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பு கூறுகிறதே, அதை யார் பார்க்கிறார்கள்? ஈக்களை எண்ணும் ஆய்வாளரின் கண்ணுக்குத் தனிக் குவளை படுவதில்லை.

இதற்குச் சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தீண்டாமையின் அடிப்படையில் பொருள் விற்க மறுப்பதையும், மற்றவர்க்கு வழங்கும் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே நிபந்தனைகளில் சேவை வழங்க மறுப்பதையும் குற்றமாக்குகிறது. சிலருக்குக் கண்ணாடிக் குவளை, சிலருக்குக் காகிதக் குவளை என்ற இன்றைய நாகரிக வடிவமும் இச்சொற்களுக்குள் அடங்கும். இப்பிரிவின்கீழ் ஒருவர் தண்டிக்கப்பட்டால், அவருடைய தொழில் உரிமத்தை இரத்துசெய்யவோ குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்திவைக்கவோ விசாரணை நீதிமன்றமே ஆணையிடலாம் என்கிறது 8ஆம் பிரிவு. நான் அறிந்தவரை, வழக்குமன்றங்களில் வழக்கறிஞர்களே அதிகம் எடுத்துக்காட்டாத பிரிவு இது.

இதில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. முதலாவது, 8ஆம் பிரிவு 6ஆம் பிரிவை மட்டுமே சுட்டுகிறது. உணவகத்துக்குள் நுழைவதையும் அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துவதையும் தடுப்பது 4ஆம் பிரிவின்கீழ் வருகிறது; அக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரின் உரிமத்தை இப்பிரிவைக் கொண்டு தொட முடியாது. இரண்டாவது, காவல்துறை பதிவுசெய்யும் பிரிவுகளைப் பொறுத்தது. இரட்டைக் குவளைப் புகார்களில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ட்ஸ்ஏ) பிரிவு சேர்க்கப்படுவது சரியே. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கும் வலுவான பிரிவு அது. ஆனால் உரிம இரத்துக்கான வழி அச்சட்டத்தில் இல்லை. முதல் தகவல் அறிக்கையில் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவும் இடம்பெறாவிடில் 8ஆம் பிரிவின் கதவு அப்போதே அடைபடும். ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்க முடியாதே தவிர, இரு சட்டங்களின்கீழும் குற்றஞ்சாட்டத் தடையில்லை.

2022 டிசம்பரில் வேங்கைவயல் கொடுமையை விசாரிக்கச் சென்ற புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும், அருகிலுள்ள இறையூர் தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை இருப்பதைக் கண்டறிந்தனர், வழக்குப் பதிவாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தலித் சிறார்களுக்குத் தின்பண்டம் விற்க மறுத்த காணொலி பரவியதும் கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது. நாடே பார்க்கும்போது நிர்வாகம் ஒரே நாளில் கடையை மூடுகிறது. காணொலி இல்லாத ஊர்களில் தண்டனைத் தீர்ப்பு வரும்வரை, அதாவது பல ஆண்டுகள், கடை நடந்துகொண்டேயிருக்கிறது.

ஆகவே நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. பாகுபாடின்மையை உரிம நிபந்தனையாகவே எழுதிவிட்டால், அதன் மீறல் நிர்வாக விசாரணைக்குரியது. குற்றத்தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். தொகைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான 2011ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் சாதாரண உணவகத்துக்கு விதித்த ஆண்டுக் கட்டணம் 2,000 ரூபாய். 6ஆம் பிரிவு தீண்டாமைக்கு விதிக்கும் அபராதத்தின் உச்சவரம்பு 500 ரூபாய்! சிறைத்தண்டனை உண்டு என்றாலும், கடைக்காரர் உண்மையில் அஞ்சுவது உரிமம் பறிபோவதற்குத்தான்.

இதே உரிமமுறை தலித் தொழில்முனைவோரை வெளியே நிறுத்தவும் கூடும். சிறு உணவு வணிகருக்கு அதே ஒழுங்குமுறைகள் வைத்த பதிவுக் கட்டணம் வெறும் 100 ரூபாய். தடை அந்த நூறு ரூபாயில் இல்லை. வாடகை ஒப்பந்தம், கட்டட உரிமைச் சான்று, அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபம் ஆகியவற்றில் இருக்கிறது. ஊர்த்தெருவில் சேரிக்காரருக்குக் கடை வாடகைக்குக் கிடைப்பதில்லை என்பதை எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியம் தரும் அரசு, கடைக்கு இடம் எங்கே என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

நிறுத்திவைக்கப்பட்ட ஊராட்சி விதிகள் எந்த வடிவில் திரும்பினாலும், கட்டண அட்டவணைக்கு முன்பாக நிபந்தனைப் பட்டியலைக் கேட்டு வாங்குவது நம் இயக்கங்களின் வேலை. ஊராட்சியின் செயல் அதிகாரி ஊராட்சித் தலைவரே என்பதையும் மறக்கலாகாது. ஆதிக்கச் சாதித் தலைவர் தன் உறவினரின் கடையை மூடமாட்டார். நாற்காலியில் அமரவே போராடும் தலித் தலைவரிடம் அப்பொறுப்பைத் தனியாகச் சுமத்துவதும் அநீதி. இத்தகைய புகார்களை விசாரித்து உரிமத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம், காலக்கெடுவுடன், மாவட்ட ஆட்சியரிடம் இருக்க வேண்டும்.