மதகும் மருந்தும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தி ஆண்டுக்கு இரண்டு முறையாவது நம் காதில் விழுகிறது. நுண் ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்தமைக்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் ஆகிய இருவருக்கும் 2024-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டபோதும் விடுதியில் இதே பேச்சுதான். இம்மூலக்கூறு ஒருநாள் மருந்தாகும் என்று நானும் நம்புகிறேன். ஆனால் ஆகிவிட்டது என்று சொல்வது கேடு விளைவிக்கும். வெற்றிலையோடு புகையிலை மென்று வாயில் ஆறாத புண் கண்ட பெரியவர்கள் நம் ஊர்களில் உண்டு. "புது ஊசி வருகிறதாம், பார்க்கலாம்" என்று அவர்கள் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் யார் பொறுப்பு?

தஞ்சைத் தரணியில் பிறந்தோர்க்கு இதை விளக்குவது எளிது. மேட்டூரில் திறந்த நீர் கல்லணையில் பல கிளைகளாகப் பிரிந்து வந்தாலும், நம் வயலில் எவ்வளவு பாயும் என்பதைக் கடைசி வாய்க்காலின் மதகுப் பலகையே தீர்மானிக்கிறது. மரபணுவிலிருந்து புறப்படும் செய்தி ஆர்.என்.ஏ.யும் அத்தகைய நீரோட்டமே. ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடு நீளமே உள்ள நுண் ஆர்.என்.ஏ. அதன்மீது பொருந்தி, புரதம் உண்டாவதைக் குறைத்துவிடுகிறது. 1993-இல் இது முதன்முதலில் தென்பட்டது ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழுவில்! மனிதனிடமும் இத்தகையது உண்டு என்பது 2000-இல்தான் தெரிந்தது. (புழுவைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்போர் கவனிக்க.)

வெள்ளையணுக்களில் ஒருவகையான டி அணுக்கள் புற்றணுக்களைக் கொல்ல வல்லவை. புற்றணுக்களோ பி.டி.எல்.1 என்னும் புரதத்தைத் தம் மேற்பரப்பில் ஏந்தி அவற்றை அடக்கிவிடுகின்றன. அப்புரதத்தின் மதகை அடைக்கும் பலகைகளுள் ஒன்று மிர்-34ஏ என்ற நுண் ஆர்.என்.ஏ. டி அணுக்களுக்குள்ளும் இத்தகைய பலகைகள் உண்டு. மிர்-155 இல்லாத எலிகளில் அவற்றின் போர்த்திறன் குன்றியது.

அப்படியானால் மிர்-34ஏயைச் செய்து உடலில் செலுத்தினால் என்ன? 2013-இல் அமெரிக்காவில் தொடங்கிய சோதனையில் அதைத்தான் செய்தனர். எம்.ஆர்.எக்ஸ்.34 என்ற பெயரில், கொழுப்புக் குமிழிக்குள் வைத்து, சிரைவழியே செலுத்தினர். மிகச் சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே கட்டுமீறியதில் நால்வர் இறந்தனர். 2016-இல் சோதனை நிறுத்தப்பட்டது. ஒரே நுண் ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களின் செய்தியைத் தொடக்கூடியது. அதைச் சுமக்கும் குமிழியோ கட்டியை மட்டும் தேடிச் செல்வதில்லை. ஊர் மதகுகள் அத்தனையிலும் ஒரே நேரத்தில் கைவைத்தால் எந்த வயல் காயும், எந்த வயல் மூழ்கும் என்று யார் சொல்வது?

ஆகவே, எந்தப் பலகை என்று கண்டறிவதைவிட, அதை எந்த வாய்க்காலுக்குக் கொண்டு சேர்ப்பது என்பதே பெரிய கேள்வி என்பேன். கல்லீரலுக்கு வழி கிடைத்துவிட்டது. பரம்பரையாக வரும் ஒரு நரம்பு நோய்க்கு, கல்லீரலில் வேலை செய்யும் படிசிரான் என்ற சிறு ஆர்.என்.ஏ. மருந்து 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுபோன்ற வண்டியை வாயில் உள்ள கட்டிவரை, அதைச் சூழ்ந்த டி அணுக்கள்வரை ஓட்டிச் செல்ல வேண்டும். அந்த வேலையில் விலங்கியல் மாணவர்களாகிய எங்களைவிட வேதியியல் துறை நண்பர்களுக்கே பங்கு அதிகம்.