வலிமையும் வலியறிதலும்

வலியைப் பொறுப்பதே வீரம் என்றொரு கருத்து நம் விளையாட்டுத் திடல்களில் வேரூன்றியுள்ளது. பொறுமை சிறந்த பண்பே. ஆயினும், எவ்வலியைப் பொறுப்பது, எவ்வலிக்குப் பணிவது எனப் பகுத்தறிவதே உண்மையான வலிமை எனலாம்.

காவிரிப் படுகையில் வாழும் நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று. பல மாத இடைவெளிக்குப்பின் நடவுக்கு இறங்குவோர்க்கு மறுநாள் தொடையும் இடுப்பும் நோகும். சில நாள்களில் தணியும். விடுமுறை கழித்துப் பந்தாட வரும் அதிரை இளைஞர்க்கும் அவ்வாறே. தசையில் தேங்கும் லாக்டிக் அமிலமே இதற்குக் காரணம் என முன்பு எண்ணினர். அது உழைப்பு நின்ற ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நீங்கிவிடும். பழகாத உழைப்பால் தசைநார்களில் நேரும் நுண்ணிய சிதைவே இந்நோவின் அடிப்படை. 12 முதல் 24 மணி நேரத்தில் தலைகாட்டி, 1 முதல் 3 நாள்களில் மிகுந்து, ஒரு வாரத்திற்குள் மறையும். தசையெங்கும் பரவி நிற்கும் இது, மெல்ல நடந்தால் இலகுவாகும்.

காயத்தின் வலியோ வேறு. ஆடும்போதே சுரீரெனத் தாக்கும், ஓரிடத்தைப் பற்றி நிற்கும், மூட்டு வீங்கும், காலூன்ற இயலாது, உறுப்பு மரத்துப்போதலும் உண்டு. சில காயங்கள் மெல்லவே வளரும். நாளுக்கு நாள் மிகும் வலியும், ஓய்விலும் உறக்கத்திலும் விடாத வலியும் அவற்றின் அறிகுறிகள். இவை கண்டால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரை நாடுதல் வேண்டும். நெஞ்சுவலியோ, கருஞ்சிவப்புச் சிறுநீரோ கண்டால் ஒரு கணமும் தாழ்த்தலாகாது.

வேலூர் தந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம், தேசியப் போட்டியொன்றில் 194 கிலோ தூக்க முயன்று தொடைத் தசையில் காயமுற்றார். முழுநலம் பெறாத நிலையிலும், 2018ஆம் ஆண்டு கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 317 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். காயத்தோடு வென்றாரே எனப் பலரும் புகழ்வர். அடியேன் வியப்பது வேறொன்றை: தங்கம் உறுதியானதும் எஞ்சிய இறுதி முயற்சியை அவர் மேற்கொள்ளவில்லை. கைதட்டலுக்காக இன்னொரு முறை தூக்காத அந்த அளவறிதலன்றோ நாம் கற்க வேண்டிய பாடம்!

அணியில் இடம் பறிபோகுமென அஞ்சி, முழங்கால் வலியை மறைத்து ஆடும் மாணவர் எத்துணையர்! ‘வலிக்கிறது’ எனும் மாணவனைக் கோழையென எள்ளுதலை ஆசிரியர்களும் ஊர்ப் பெரியோர்களும் கைவிடல் வேண்டும். ‘எங்கே வலிக்கிறது? எப்போது தொடங்கியது?’ என அன்புடன் வினவுவோம். மாணவச் செல்வங்களே! ஒரு போட்டியை இழந்தால் அடுத்த ஆண்டு வெல்லலாம். இழந்த முழங்காலை எந்தக் கோப்பை ஈடுசெய்யும்?